தொம்லூரிலிருந்து தளி வழியாக ஓசூர்: எல்லைக் கிராமங்களில் இரண்டு நாள், சைக்கிளிலும் நடந்தும்

பெங்களூரில் இருக்கும் நம்மில் பலருக்கு ஓசூர் என்றால் ஊருக்குப் போகும் வழி, அவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தைய நாள் அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நிற்கும், ஜூஜூவாடி தாண்டியதும் போர்டுகள் தமிழுக்கு மாறும், கண்ணை மூடித் தூங்கிவிடுவோம். பன்னிரண்டு வருடம் நானும் அப்படித்தான் எல்லையைக் கடந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, ஆனேக்கல்லிலிருந்து தளிக்குப் போகும் சாலையில் சைக்கிளை விட்டேன். அங்கே எல்லை சட்டென்று வரவில்லை. கன்னடம் மெல்லக் குறைகிறது, நடுவில் தெலுங்கு நுழைகிறது, தமிழ் எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியவே இல்லை. அன்றிலிருந்து இந்தச் சுற்றை ஏழு முறை முடித்திருக்கிறேன். முதல் முறையே நீங்கள் சரியாகப் போய்வர வேண்டும் என்பதற்காக, கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

வழி இதுதான். முதல் நாள்: தொம்லூர், பேகூர், ஜிகனி, ஆனேக்கல், தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சுமார் 75 கி.மீ. இரண்டாம் நாள்: தேன்கனிக்கோட்டை, மத்திகிரி, ஓசூர், அங்கிருந்து தொரப்பள்ளி அல்லது பாகலூர், சர்ஜாபுரம் வழியாக வீடு. இரண்டாம் நாளின் தூரம் நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எப்போது போவது

மார்கழிக் குளிரில் போகலாம் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். மழைக்காலம் முடிந்து கேழ்வரகு முற்றும் நேரத்தில், பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இது வருடா வருடம் நடப்பது. என் சிபாரிசு ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. கேழ்வரகு இளம்பச்சையாக நிற்கும், வெயில் மேகத்துக்குள் இருக்கும், தூறல் வந்தாலும் நனைந்துகொண்டே போகலாம். அந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும். ஆனேக்கல்–தளி சாலையில் அது வலப்பக்கம் இடிக்கும், கொஞ்சம் கஷ்டம்தான். தளியில் கிழக்கே திரும்பியதும் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நான் இந்தச் சுற்றைத் தலைகீழாகச் செய்யாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கிளம்புவது சனிக்கிழமையாக இருக்கட்டும் என்று பலர் சொல்வார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை என்பேன், திங்களுக்கு ஒரு லீவு போட்டாலும் பரவாயில்லை. ஜிகனி, ஆனேக்கல் பக்கம் கிரானைட் குவாரிகள் நிறைய. மற்ற நாட்களில் டிப்பர் லாரிகள் உங்களைச் சாலையின் விளிம்புக்குத் தள்ளிவிடும்.

சைக்கிளும் மூட்டையும்

வழி முழுக்கத் தார்ச்சாலை. ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை, ஓரத்தில் ஜல்லி, ஆங்காங்கே பள்ளம். மெல்லிய பந்தய டயர் வேண்டாம், 35 மி.மீ.க்குக் குறையாத டயர் போட்ட கியர் சைக்கிள் போதும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தளி அதைவிடக் கொஞ்சம் மேலே. மலையேற்றம் என்று எதுவும் இல்லை. ஆனால் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத்தான் சாலை போகும், நாள் முடிவில் தொடை சொல்லிவிடும்.

கருவேல முள்ளை மட்டும் மறக்காதீர்கள். ஒருமுறை தளிக்கு முன்னால் இரண்டு டயரும் ஒரே நிமிடத்தில் இறங்கிவிட்டன. என்னிடம் இருந்தது ஒரு டியூப். மல்பெரித் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, குமிழி வரும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக் காட்டினார். இப்போது இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் எல்லாம் என் பையில் எப்போதும் இருக்கும். இவற்றோடு இரண்டு லிட்டர் தண்ணீர், முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒரு மழைக்கோட்டு. தளிக்கு அப்புறம் போன் சிக்னல் சில இடங்களில் போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தொம்லூரும் பேகூரும்

காலை ஐந்தரைக்குத் தொம்லூர் சொக்கநாதர் கோயிலில் தொடங்குங்கள். பெயரைக் கேட்டு மதுரை நினைவுக்கு வரும், ஆனால் இது பெருமாள் கோயில், கல்வெட்டுகளில் சொக்கப்பெருமாள். அந்தக் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் இராசேந்திரசோழ வளநாட்டு இலைப்பாக்க நாட்டில், தேசிமாணிக்கப்பட்டணம் என்கிற தொம்பலூர். சுற்றிலும் அபார்ட்மெண்டும் மேம்பாலமும். நடுவில் நம் எழுத்து.

அது எப்படி இங்கே வந்தது? சோழர்கள் 1004 வாக்கில் கங்கர்களின் தலைநகரான தலைக்காட்டைப் பிடித்து இந்தப் பகுதியை ஆண்டார்கள். 1116இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். அப்புறம் 1254 வாக்கில் ஹொய்சள சோமேசுவரன் தன் ராஜ்யத்தை இரண்டு மகன்களுக்குப் பிரித்தான். துவாரசமுத்திரம் நரசிம்மனுக்கு, தமிழ்ப்பகுதியும் கோலார் சீமையும் ராமநாதனுக்கு. திருச்சி அருகே தலைநகராக இருந்த கண்ணனூர் கைவிட்டுப் போன பிறகு ராமநாதன் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியில் இருந்துகொண்டு ஆண்டான். தொம்லூரில் தமிழில் எழுதியது இந்த ராமநாதன் காலத்தவர்கள். இன்று நாம் கடக்கப்போகும் எல்லை அன்று வேறெங்கோ, மேற்கே தள்ளி இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள்.

மடிவாளா வழியாகப் போகும்போது அங்கே சோமேசுவரர் கோயிலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைத் தானம் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த வேப்பூர்தான் அடுத்து நீங்கள் போகும் பேகூர்.

பேகூரில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடங்கள். இது முதல் நடை, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பஞ்சலிங்க நாகேசுவரர் கோயிலின் மூத்த சன்னதிகள் கங்கர் காலத்தவை, நாகத்தரன் என்ற தலைவனின் பெயரோடு சேர்ந்தவை. சோழர் காலத்தில் மற்றவை சேர்ந்தன. கோயில் வளாகத்தில் இருக்கும் ஒரு நடுகல்லைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். சுமார் 890ஆம் ஆண்டு, பழைய கன்னட எழுத்து. நாகத்தரன் வீட்டைச் சேர்ந்த புட்டணசெட்டி பெங்களூர்ப் போரில் இறந்தான் என்கிறது. இந்த நகரத்தின் பெயர் முதலில் தெரிவது இந்தக் கல்லில்தான், அதுவும் ஒரு சண்டையின் பெயராக. நாகத்தரனே இறந்த போரைச் செதுக்கிய பெரிய சிற்பக்கல் பேகூரில் இல்லை. கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யானைமேல் ஒருவன், குதிரைமேல் ஒருவன், கீழே விழுந்து கிடப்பவர்கள் என்று கல் முழுக்க நெரிசல். இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். கோயிலிலிருந்து ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு, ஏழரைக்குள் கிளம்பிவிட வேண்டும்.

இரண்டாம் படி: ஆனேக்கல் வரை

பேகூர்–கொப்பா சாலையைப் பிடித்து ஜிகனி, அங்கிருந்து ஆனேக்கல். சுமார் 27 கி.மீ. இந்த வழியில் பார்க்க அதிகம் இல்லை, தொழிற்பேட்டையை வேகமாகத் தாண்டிவிடுங்கள். ஆனேக்கல்லில் டிபன் சாப்பிடுங்கள், தண்ணீரை நிரப்புங்கள். ஊர்ப்பெயரைக் கேட்டு யானையும் கல்லும் என்று நினைத்துக்கொள்வோம். கன்னடத்தில் ஆனேகல்லு என்றால் ஆலங்கட்டி. நம் ஆலங்கட்டியும் அதுவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சொற்கள் என்றே எனக்குத் தோன்றும்.

ஊருக்கு 5 கி.மீ. தள்ளி முத்யாலமடுவு, முத்துப் பள்ளத்தாக்கு. படி இறங்கிப் போகும் சின்ன நடை. மழைக்குப் பிறகு போனால் அருவி விழும், கோடையில் பாறை மட்டும்தான். உடன் வருபவர்களில் யாராவது சோர்ந்திருந்தால் இதை விட்டுவிடுங்கள்; மாலையில் ஜவளகிரியில் இருப்பதைத் தவிர்ப்பது இதைவிட முக்கியம்.

மூன்றாம் படி: எல்லை

ஆனேக்கல்லிலிருந்து தளி சுமார் 18 கி.மீ. இந்தப் பயணத்தில் நான் மெதுவாகப் போவது இங்கேதான், நீங்களும் அப்படியே போங்கள்.

இந்த எல்லைக்கு ஒரு வயது உண்டு. 1791 ஜூலையில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் திப்புவோடு போரிட்ட காரன்வாலிஸின் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலைக்குக் கீழே இருந்த பாராமகால் கம்பெனிக்குப் போனது. மேலே, நாம் நிற்கும் இந்தப் பாலாகாட், ஓசூர் உட்பட, திப்புவிடமே தங்கியது. ஏழு வருடம் எல்லை கணவாய் ஓரமாக ஓடியது. 1799இல் திப்பு இறந்த பிறகு மைசூர் அரியணை உடையார்களுக்குத் திரும்பியது, ஓசூர்ச் சீமை மட்டும் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனேக்கல் மைசூரிலும் தளி சென்னையிலும் ஆனது அப்போதுதான். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோதும் கோடு பெரிதாக நகரவில்லை. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சந்தைக்குப் போய் வந்து வாழ்கிற ஊர்கள் இவை.

எல்லைக்கு அப்பால் ஒரு டீக்கடையில் நான் எப்போதும் நிற்பேன். கடை அம்மா டீ ஆற்றிக்கொண்டே பால்காரரிடம் தெலுங்கில் கணக்குக் கேட்டார், பள்ளிப் பையனைக் கன்னடத்தில் அதட்டினார், என்னைப் பார்த்துத் தமிழில், "சக்கரை கம்மியாவா சாமி?" என்றார். மூன்றும் ஒரே மூச்சில். "வீட்ல எது பேசுவீங்க அம்மா?" என்று கேட்டேன். "யார் வராங்களோ அவங்க பேச்சு" என்றார். ஆனேக்கல்லில் முத்தே என்று சாப்பிட்டதை இங்கே களி என்பார்கள். கேழ்வரகு மாவும் பக்கத்தில் இருக்கும் அவரைக்காய்க் குழம்பும் மாறுவதில்லை.

இந்தச் சாலையில் வயல்களையும் மரத்தடிகளையும் பார்த்துக்கொண்டே போங்கள். நடுகற்கள் அங்கங்கே நிற்கும். கன்னடத்தில் வீரகல்லு, கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பல ஊர்களில் வேடியப்பன் என்று சாமியாகவே கும்பிடுகிறார்கள். படிப்பது எளிது. பொதுவாக அடித்தட்டில் சண்டை. அதன் மேலே இறந்த வீரனைத் தேவகன்னியர் இரு பக்கமும் தாங்கிப் போவார்கள். உச்சியில் லிங்கத்தின் முன்னால் அவன் உட்கார்ந்திருப்பான். வளையல் போட்ட ஒரு கை மட்டும் நிமிர்ந்து நின்றால் அது சதிக்கல், உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு வைத்தது. தளிக்கு முன்னால் ஒரு புங்க மரத்தடியில் நான் பார்த்த கல்லில் வீரனின் முகம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. மஞ்சள் பூசிப் பூசி, கண் இருந்த இடத்தில் இரண்டு குழி மட்டும். ஆனால் வாளைப் பிடித்த விரல்கள் நான்கையும் எண்ண முடிந்தது. காலடியில் அன்று காலையில் வைத்த சாமந்தி. இந்தக் கற்களின் மேல் சாயாதீர்கள், சைக்கிளைச் சாய்க்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போங்கள், படம் எடுக்கும் முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் அந்த வீரனின் கதையும் கிடைக்கும்.

தளியை வெள்ளைக்காரர்கள் சின்ன இங்கிலாந்து என்றார்கள், குளிருக்காக. இப்போது பூத்தோட்டங்களும் பசுமைக்குடில்களும் நிறைய. மதிய உணவு இங்கே. பன்னிரண்டரைக்குள் சேர்ந்துவிட்டால் நல்லது.

நான்காம் படி: ஜவளகிரிக் காட்டோரம்

தளியிலிருந்து தேன்கனிக்கோட்டை சுமார் 20 கி.மீ. காற்று முதுகில், சாலையில் நிழல். மூன்றரை மணிக்குள் காட்டோரத்தைத் தாண்டிவிட வேண்டும், இதில் சமரசம் வேண்டாம்.

என் இரண்டாவது பயணம் டிசம்பரில். தளியில் பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டோம், நான்கு பேர். ஐந்தேகாலுக்கு ஜவளகிரி தாண்டினோம். கேழ்வரகு வயல் நடுவே பரண்மேல் இருந்த பெரியவர் ஒருவர் துண்டை வீசிக் கத்தினார். "அங்கயே நில்லுங்க சாமி, ஆனை இறங்கியிருக்கு!" எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இறங்கி நின்றோம். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோதுதான் அந்த வாசனை வந்தது, மாட்டுத் தொழுவமும் ஈரமண்ணும் கலந்தது போல. அப்புறம் கிளை ஒடிகிற சத்தம். அறுபது எழுபது அடி தூரத்தில் சாலையோரப் புதர் ஆடியது, முதல் யானையின் முதுகு தெரிந்தது, அதன் பின்னால் குட்டி. ஏழு யானைகள் சாலையைக் கடந்தன. பெரியவர் பட்டாசைக் கையில் வைத்துக்கொண்டே கடைசி வரை கொளுத்தவில்லை. "குட்டி இருக்கு, மிரட்டினா திரும்பும்" என்றார். அவர் வீட்டுத் திண்ணையில் இரவு எட்டு வரை இருந்தோம். ஊர்க்காரர் ஒருவரின் மினி வேனில் சைக்கிள்களைப் போட்டு எங்களைத் தேன்கனிக்கோட்டையில் விட்டார்கள். அந்த வருடம் அவர் கேழ்வரகில் பாதிதான் வீட்டுக்கு வந்தது என்று அடுத்த முறை போனபோது சொன்னார்.

ஆகவே சில விஷயங்கள். தனியாகப் போகாதீர்கள். டீக்கடையில், "இன்னைக்கு ஆனை எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புங்கள், எந்தச் செயலியையும்விட அது சரியான தகவல். பாட்டுப் போடாதீர்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள். யானையைப் பார்த்தால் இறங்கி, சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, ஊர்ப்பக்கம் திரும்புங்கள். சைக்கிளில் முந்திப் போய்விடலாம் என்று நினைக்கவே வேண்டாம். சாலையை விட்டுக் காட்டுக்குள் ஒரு அடியும் நடக்கக் கூடாது. அனுமதியில்லாமல் வனத்துக்குள் போவது குற்றம். 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு இதில் கண்டிப்பு அதிகம்.

இரவு தேன்கனிக்கோட்டையில். சாதாரண லாட்ஜ்தான் கிடைக்கும், சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் தெம்பு இருந்தால் பேட்டராய சுவாமி கோயில் வரை நடந்து வாருங்கள். கன்னடத்தில் பேட்டே என்றால் வேட்டை; காட்டோரத்து ஊருக்கு வேட்டைக்காரப் பெருமாள்.

ஐந்தாம் படி: ஓசூர் மலை

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் 25 கி.மீ. எட்டரைக்குள் முடிந்துவிடும். ஓசூருக்கு முன் மத்திகிரியில் பெரிய கால்நடைப் பண்ணை. 1824இல் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியது.

ஓசூரில் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு மலையில் படியேறுங்கள். இது இந்தச் சுற்றின் நல்ல நடை. சந்திரசூடேசுவரர் கோயில்; பழைய கல்வெட்டுகளில் ஊர் செவிடபாடி, சுவாமி செவிடை நாயனார். மேலே நின்று வடமேற்கே பார்த்தால் பெங்களூர் வரை நிலம் ஒரே தட்டையாகப் போவது தெரியும். நடுவில் கோடு போட இயற்கை எந்தக் காரணமும் கொடுக்கவில்லை. கிழக்கேதான் கணவாய் இறங்குகிறது, 1792இன் எல்லை அந்தப் பக்கம்.

ஆறாம் படி: தொரப்பள்ளியா, பாகலூரா

இரண்டையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் இரவு ஒன்பதுக்குச் சர்ஜாபுரம் சாலை நெரிசலில் மாட்டுவீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஓசூருக்குக் கிழக்கே சுமார் 10 கி.மீ.இல் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த வீடு, அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. அகன்ற திண்ணையும் ஓட்டுக் கூரையுமாகச் சின்ன வீடு. இங்கிருந்து ஓசூர்ப் பள்ளி, அப்புறம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், அப்புறம் சென்னை. கடைசியில் நாட்டின் ஒரே இந்திய கவர்னர் ஜெனரல். எல்லைக் கிராமத்துப் பையனுக்குப் பெங்களூர்தான் முதல் பட்டணமாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். திரும்பி ஓசூர் வந்து, மினி லாரியிலோ, ரயிலில் சைக்கிளைச் சரக்காக முன்பதிவு செய்தோ பெங்களூர் சேரலாம்.

பாகலூர் வழி, வீடு வரை மிதித்தே தீருவேன் என்பவர்களுக்கு. ஓசூரிலிருந்து பாகலூர் 12 கி.மீ., அங்கிருந்து எல்லை தாண்டிச் சர்ஜாபுரம் அதே அளவு, பிறகு தொம்லூர் சுமார் 25. பாகலூரில்தான் 1768 நவம்பரில் கம்பெனிப் படையின் கர்னல் வுட் தன் படையின் மூட்டை முடிச்சுகளையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டு ஓசூரைக் காப்பாற்றப் போனார்; ஹைதர் அலி பின்னாலேயே வந்து பாகலூரில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார். தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைவதும் இந்தப் பக்கம்தான். மழை பெய்த மறுநாள் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை வெள்ளை மலையாகப் பொங்கும். நம் பெங்களூர் ஏரிகளிலிருந்து போகிற கழிவுநீர் அது. என் வீட்டுச் சாக்கடையும் அதில் இருக்கிறது என்பதை நான் அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன், மனசு கனத்துப்போனது. அந்தத் தண்ணீரில்தான் கீழே விவசாயம் நடக்கிறது.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் ஓசூருக்குத் திரும்பாமல் தேன்கனிக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் வழியாக ராயக்கோட்டை போங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் மலைக்கோட்டை, காலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஊரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு வண்டி உண்டு. கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும்.